பொருட்காட்சிகளும் தப்பபிப்பிராயங்களும்



திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தை நம்மில் ஓதாதவர் இல்லை. அதில் 11, 12, 13 ஆகிய மூன்று வசனங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் விலக்குகிறது. அடுத்த வசனம் ஊகத்தை வைத்துக்கொண்டு பிறர்மீது தீர்ப்புச் சொல்வதை விலக்குகிறது. மூன்றாவது வசனமோ, மனிதர்கள் பல சமூகத்தாராகவும் கோத்திரத்தாராகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே என்று போதிக்கிறது.

இந்த வரிசையைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போமாக. பரிகாசம் எங்கிருந்து பிறக்கிறது? ஊகத்திலிருந்து. ஊகம் எதனால் நீங்கும்? அறிந்து கொள்வதால். நோயும், நோய்க்குக் காரணமும், அதற்கு மருந்தும் மூன்று வசனங்களில் அடங்கி விட்டன.

ஆனால் அறிந்து கொள்வது எப்படி? ஒரே தெருவில் கடை வைத்திருப்பதால் மட்டும் அறிவு வந்து விடாது. முப்பது ஆண்டுகள் பக்கத்துக் கடைக்காரரிடம் சில்லறை மாற்றியிருப்போம். மழை வந்தால் அவருடைய சரக்கையும் உள்ளே எடுத்து வைத்திருப்போம். ஆயினும் அவருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. பேச்சுக்கு நேரமில்லை, பேசினாலும் விலைப் பேச்சோடு சரி. மார்க்க விஷயத்தைப் பேசினால் மனத்தாங்கல் வருமோ என்ற அச்சம் வேறு.

இந்த இடத்தில்தான் பொருட்காட்சி உதவுகிறது. ஒரு சமூகத்தார் செய்த பொருளையும், எழுதிய எழுத்தையும், உடுத்திய துணியையும் ஓரிடத்தில் வைத்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது பொருட்காட்சி. அங்கே யாரும் யாரோடும் வாதிடுவதில்லை. பார்க்கிறவர் தம் மனத்தோடு தாமே வாதிட்டுக் கொள்கிறார். அது நன்மையும் செய்யும், தீமையும் செய்யும் என்பதைச் சரித்திரத்திலிருந்து மூன்று உதாரணங்களைக் கொண்டும், நம் நாட்டில் நாம் கண்ணாரக் கண்டதைக் கொண்டும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பாரிஸ், 1889: கழுதைச் சவாரி

பிரெஞ்சுப் புரட்சியின் நூறாவது ஆண்டை முன்னிட்டு 1889இல் பாரிஸ் நகரில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஐஃபல் கோபுரம் அதற்காகவே கட்டப்பட்டது. அந்தப் பொருட்காட்சியில் 'கெய்ரோ வீதி' என்று ஒரு தெருவையே அமைத்தார்கள். வளைந்த சந்து, நீட்டிய மாடங்கள், ஒரு பள்ளிவாசலின் முகப்பு யாவும் இருந்தன. பழமையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சுவரின் வர்ணத்தைக்கூட வேண்டுமென்றே அழுக்காக்கி வைத்திருந்தார்கள். எகிப்திலிருந்து 50 கழுதைகளைக் கொண்டு வந்து, ஒரு பிராங்க் கட்டணத்துக்குச் சவாரி விட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களே கீழைநாட்டு உடை தரித்துக் கொண்டு அத்தரும் பலகாரமும் தொப்பியும் விற்றார்கள்.

அச்சமயம் ஐரோப்பாவுக்கு வந்திருந்த எகிப்திய அறிஞர்கள் சிலர் அந்த வீதியைக் காணச் சென்றனர். பள்ளிவாசல் முகப்பைக் கண்டு உள்ளே நுழைந்தால், அங்கே தொழுகை இடம் இல்லை, காப்பிக்கடை இருந்தது. பெண்கள் நடனமாடிக் கொண்டிருந்தார்கள். அறிஞர்கள் மனம் நொந்து திரும்பினர்.

அன்றைய பாரிஸ் மக்களில் பலர் முஸ்லிம் தேசம் ஒன்றைப் பார்த்தது அந்தத் தெருவில்தான். கழுதை, அழுக்கு, ஆட்டம் இம்மூன்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், எகிப்தைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? பொய் பேசினால் ஒருநாள் மறந்து போகும். பொய்யைக் கட்டடமாகக் கட்டிக் காட்டினால், கண்ணால் கண்டோம் என்று சாதிப்பார்கள். ஒரு சமூகத்தைக் கேட்காமல், அதன் பெயரால் பிறர் வைக்கும் கடை எப்படியிருக்கும் என்பதற்கு இது சாட்சி.

மியூனிக், 1910: வெள்ளைச் சுவர்

21 ஆண்டுகளுக்குப் பின், 1910ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் முஸ்லிம் கலைப்பொருள்களின் பொருட்காட்சி ஒன்று நடந்தது. 80 அறைகளில் ஏறத்தாழ 3,600 பொருள்களை வைத்தார்கள். கம்பளங்கள், கண்ணாடி விளக்குகள், உலோகப் பாத்திரங்கள், கையெழுத்துப் பிரதிகள் என்று பல தேசத்துப் பொருள்களும் வந்து சேர்ந்தன.

அதை நடத்தியவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். கீழைநாடு என்றால் திரைச்சீலையும் சாம்பிராணிப் புகையும் குவித்து வைத்த சந்தைச் சரக்கும் என்று ஐரோப்பியர் மனத்தில் பதிந்திருக்கிறதே, அதை மாற்ற வேண்டும் என்று எண்ணினார்கள். ஆகவே அலங்காரத்தை நீக்கி, வெளிறிய வெறுஞ்சுவரில், ஒவ்வொரு பொருளையும் இடம்விட்டுத் தனித்தனியே வைத்தார்கள். கடைக்காரராகிய நமக்கு இதன் அர்த்தம் உடனே விளங்கும். மூட்டையாகக் குவித்த சரக்கை யாரும் நின்று பார்ப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் ஒன்றே ஒன்றை வைத்தால் நிற்காமல் போகிறவர் இல்லை.

பெயர் பெற்ற பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் அங்கே சென்று பார்த்தார். அவருடைய சித்திரங்களில் நம் கம்பளங்களின் வர்ணமும் கோலமும் இடம் பெற்றதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம் என்று கலை அறிந்தோர் கூறுவர்.

இது பாரிஸ் வீதியைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதிலும் ஒரு குறை இருந்ததென்று நமக்குப் படுகிறது. கம்பளத்தைப் பார்த்தார்கள், நெய்தவரைப் பார்க்கவில்லை. பழைய விளக்கை மெச்சினார்கள். அந்த விளக்கின் கீழ் இன்றைக்கும் ஓதிக் கொண்டிருப்பவர் ஒருவர் உண்டு என்ற எண்ணம் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? பொருளை மெச்சுவது வேறு, பொருளுக்குரியவரை மதிப்பது வேறு. முதல் உலக யுத்தம் 1918இல் முடிந்த பின், முஸ்லிம் தேசங்கள் பலவற்றை ஐரோப்பிய வல்லரசுகள் பங்கிட்டுக் கொண்டன. கம்பளத்தின்மீது இருந்த பிரியம் அதைத் தடுக்கவில்லை.

லண்டன், 2012: ஹஜ்ஜின் காட்சி

மூன்றாவது உதாரணம் நம் காலத்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் ஏப்ரல் 15 வரை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹஜ் யாத்திரையைப் பற்றிய பொருட்காட்சி நடந்தது. ரியாதிலுள்ள அப்துல் அஸீஸ் மன்னர் பொது நூலகம் அதில் கூட்டாக நின்றது. அது நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்த கொடுமையும், லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் 2005 ஜூலை 7இல் 52 பேர் மாண்ட கொடுமையும் மக்கள் மனத்தை விட்டு அகலாத காலம். முஸ்லிம் என்றால் அச்சம் என்று ஆகிவிட்ட ஊரில், முஸ்லிம்களின் ஐந்தாவது கடமையைப் பொருட்காட்சியாக வைத்தார்கள்.

ஹஜ்ஜை எப்படிக் காட்டுவது? மக்கா நகருக்குள் முஸ்லிமல்லாதார் போக முடியாது. ஆகவே வாசகசாலையாக இருந்த பெரிய வட்ட மண்டபத்தில், போகும் வழி, செய்யும் அமல்கள், திரும்பும் வழி என்று வரிசையாக அமைத்தார்கள். பார்க்க வருகிறவரும் வட்டமாகச் சுற்றி வர நேர்ந்தது. கஃபாவின் வாசலுக்குரிய எழுத்துவேலைத் திரை இருந்தது. எகிப்திலிருந்து ஒட்டகத்தின்மேல் சென்ற மஹ்மல் இருந்தது. பழைய தேசப்படங்களும் கிப்லா காட்டும் கருவிகளும் இருந்தன. மாலி தேசத்து மன்னர் மன்ஸா மூஸா 1324இல் செய்த ஹஜ்ஜு முதல், லேடி எவ்லின் கோபோல்ட் என்ற பிரிட்டிஷ் முஸ்லிம் மாது 1933இல் செய்த ஹஜ்ஜு வரை சொல்லப்பட்டது. 1886இல் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசாங்கம் ஹஜ்ஜுப் பிரயாணிகளின் ஏற்பாட்டைத் தாமஸ் குக் கம்பெனியாரிடம் ஒப்படைத்திருந்த சங்கதியும் இதில் சேர்ந்ததே.

ஆனால் விலை மதிக்க முடியாத திரைகளுக்கு இணையாக, இன்றைய ஹாஜி ஒருவர் வாங்கி வரும் தஸ்பீஹும் ஸம்ஸம் போத்தலும் போன்ற சாதாரண சாமான்களையும் வைத்தார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் தங்கள் வாயாலேயே சொன்ன அனுபவங்களையும் கேட்கச் செய்தார்கள். அஹ்மத் மாதிர் என்ற சவூதி நாட்டுக் கலைஞர், வைத்தியத் தொழில் படித்தவர், ஒரு வேலைப்பாட்டை வைத்திருந்தார். நடுவில் கறுப்பான ஒரு சதுரக் காந்தக் கட்டி. சுற்றிலும் இரும்புத் தூள். காந்தத்தின் ஈர்ப்பால் இரும்புத் துகள்கள் தவாஃப் செய்கிறவர்களைப் போல வட்டமாக நிற்கின்றன. அவ்வளவே. உருவப்படம் ஏதுமில்லை, ஒரு சொல்லும் இல்லை. ஹஜ்ஜு ஏன் மனத்தை இழுக்கிறது என்பதை மார்க்கம் அறியாத சிறுவனும் அதைக் கண்டு உணர்வான்.

ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்த்தார்கள். அவர்களில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். இதுவே நாம் கவனிக்க வேண்டிய இடம். முஸ்லிமல்லாதார் வந்து ஹஜ்ஜைப் பற்றி அறிந்தார்கள். முஸ்லிம்களோ, இதுவரை நமக்குரியதல்ல என்று எண்ணியிருந்த மாளிகைக்குள் தம் பிள்ளைகளோடு காலடி வைத்தார்கள். ஒரே கண்ணாடிப் பெட்டியின் முன்னால் இருவரும் நின்றபோது, ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லும் நிலை உண்டாயிற்று. தப்பபிப்பிராயம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. இரு பக்கமும் நீங்க வேண்டுமானால் இரு பக்கத்தாரும் வந்து நிற்க வேண்டும்.

பாரிஸில் பொருளும் பொய், பேசியவரும் அயலார். மியூனிக்கில் பொருள் மெய், ஆனால் உரியவரின் குரல் இல்லை. லண்டனில் பொருளும் மெய், உரியவர் குரலும் இருந்தது. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

மலேசியாவின் பங்கு

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் இஸ்லாமிய உலகுக்கென இரண்டு பெரிய அறைகள் புதிதாகத் திறக்கப்பட்டன. அதற்குப் பொருளுதவி செய்தது மலேசியாவின் அல்-புகாரி அறக்கட்டளை. அதை நிறுவியவர் கெடா மாநிலம் அலோர் ஸ்டாரில் பிறந்த ஒரு வணிகர். அடுத்து 2019 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை, மேல்நாட்டு ஓவியர்கள் முஸ்லிம் தேசங்களை எவ்வாறு வரைந்தார்கள் என்று ஆராயும் பொருட்காட்சியை லண்டனில் நடத்தியபோது, நம் கோலாலம்பூர் இஸ்லாமியக் கலைக் காட்சிசாலையே கூட்டாளியாக நின்று தன் சித்திரங்களை அனுப்பியது. அந்த ஓவியர் கூட்டத்தில் கீழைநாட்டுக்கு ஒருமுறையும் வராமல் வீட்டிலிருந்தே வரைந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மாறாக, துருக்கி நாட்டு உதுமான் ஹம்தி பே என்பவர் பாரிஸில் சித்திரம் கற்று, தம் மக்களை ஓதுகிறவர்களாகவும் ஆராய்கிறவர்களாகவும் வரைந்தார். 1880இல் அவர் தீட்டியது ஓர் இளம்பெண் திருக்குர்ஆன் ஓதும் சித்திரம். பிறர் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவர்கள் ஊரிலேயே கொண்டுபோய்க் காட்டியது நம் நாட்டுக் காட்சிசாலை என்றால் அது சிறிய காரியமா?

சித்திரம் என்றதும், உருவம் வரைவது கூடுமா கூடாதா என்று சில சகோதரர்கள் கேட்கலாம். அதை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. நாம் இங்கே பெரிதும் பேசுவது எழுத்துக்கலை, நெசவு, மரவேலை, பாத்திரம், நாணயம், ஏடு ஆகியவற்றையே. இவற்றில் யாருக்கும் தர்க்கமில்லை.

கோலாலம்பூரில் நாம் கண்டது

மேலே சொன்னவை படித்தும் கேட்டும் அறிந்தவை. இனிச் சொல்வது நாம் நேரில் கண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு விஷயமாகக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. நம் பக்கத்துக் கடையான சீன மருந்துக்கடைத் தவுக்கேயும் உடன் வந்தார். லுஹர் நேரத்தில் மஸ்ஜித் நெகாராவுக்குச் சென்றோம். நாம் தொழுது வரும்வரை அவர் வெயிலில் நிற்க வேண்டாமென்று, சற்றுத் தூரத்திலுள்ள இஸ்லாமியக் கலைக் காட்சிசாலையில் சீட்டு வாங்கி அவரை உள்ளே விட்டுச் சென்றோம். அது 1998 டிசம்பரில் திறக்கப்பட்டது. பள்ளிவாசல்களின் சிறிய மாதிரிகள், குர்ஆன் பிரதிகள், துணி, ஆயுதம், நாணயம், நகை என்று பகுதி பகுதியாக வைத்திருக்கிறார்கள். இந்தியா, சீனா, மலாய் உலகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. நாமே அதற்கு முன் அங்கே போனதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

தொழுது திரும்பி வந்து தேடினால், தவுக்கே சீனப் பகுதியில் ஒரு தொங்கும் எழுத்துத்தாளின் முன்னே நின்று கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் பசார் மலாயில், "மாமா, தூரிகை பிடித்த கை சீனக் கை. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் எழுத்தைப் படிக்க முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

நாம் உற்றுப் பார்த்தோம். சீனத் தூரிகையால் வளைத்து எழுதிய அரபு எழுத்து. மதரஸாவில் கற்ற எழுத்தே ஆயினும் உடனே பிடிபடவில்லை. பிறகு 'பிஸ்மில்லாஹ்' என்று கண்டு சொன்னோம். "சீனாவில் உங்கள் மார்க்கம் எத்தனை காலமாக இருக்கிறது?" என்று அடுத்த கேள்வி கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. அவரே பக்கத்திலிருந்த விளக்கத்தைப் படித்து, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என்று நமக்குச் சொன்னார். எழுத்தை நாம் அவருக்குப் படித்தோம். சரித்திரத்தை அவர் நமக்குப் படித்தார்.

வண்டியில் திரும்பும்போது அவர் மனம்விட்டுப் பேசினார். ஒரு சீனர் இஸ்லாத்தில் சேர்ந்தால் அவர் சீனராக இருப்பதை விட்டுவிட்டு மலாய்க்காரராகி விடுகிறார் என்றே சிறு வயது முதல் அவர் கேட்டு வந்தாராம். தம் பாட்டன் தேசத்தில், தம் எழுத்துக்கலையிலேயே அல்லாஹ்வின் பெயரை எழுதிய சீனர்கள் இருந்தார்கள் என்பது அவருக்குப் புதிய செய்தி. பிறகு சிரித்துக் கொண்டே, "மாமா, நான் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டேன். நீங்கள் எங்கள் கோங்சியைப் பார்த்ததுண்டா?" என்றார்.

நமக்கு வெட்கமாகிவிட்டது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவர் நாம். பீரங்கிச் சதுக்கத்திலுள்ள கூ கோங்சியைப் பார்க்க எங்கெங்கோ இருந்து வெள்ளைக்காரர்கள் சீட்டு வாங்கிக் கொண்டு வருகிறார்கள். நாமோ அந்தச் சந்தின் வாசலைத் தாண்டியதில்லை. அங்கே நமக்கு என்ன இருக்கிறது, ஊதுபத்தியும் சிலையும்தானே என்று எண்ணியிருந்தோம். இதுவும் ஊகமன்றி வேறென்ன?

அடுத்த மாதம் அவரோடு போனோம். அவர்களுடைய வணக்கத்தில் நாம் கலந்து கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை. கீழே உள்ள காட்சி அறையைப் பார்த்தோம். 1901இல் தீப்பிடித்து அழிந்த மண்டபத்தை 1906இல் மறுபடி கட்டி முடித்த வரலாற்றை அறிந்தோம். புக்கியன் மாநிலத்து ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பத்தார் ஒன்றுகூடி, புதிதாகக் கப்பலில் வந்து இறங்குகிறவருக்கு இடம் கொடுத்து, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, ஆதரவற்றவரைத் தாங்கியிருக்கிறார்கள். சகோதரர்களே! நம் ஊர்ச் சங்கங்கள் செய்து வந்த வேலையும் இதுதானே? கப்பல் துறைமுகத்தில் இறங்கிய நம் ஊர்ப் பையனுக்குச் சங்க வீட்டின் திண்ணையில் பாய் கொடுத்ததும் இதுதானே? வணக்கம் வேறு, ஆனால் வீட்டை விட்டு வந்தவரின் கஷ்டமும், அதற்குக் கண்ட பரிகாரமும் ஒன்றாக இருக்கின்றன.

நம் வீட்டுப் பெட்டி

கோங்சியிலிருந்து வெளியே வந்ததும் தவுக்கே கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. "உங்கள் ஆட்கள் எங்களுக்கு முன்பே இந்தத் தீவுக்கு வந்தவர்கள் என்கிறார்கள். உங்கள் பொருளெல்லாம் எங்கே இருக்கிறது?"

நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

நம் கடையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் நம் பாட்டனார் காலத்துப் பேரேடுகள், ஊருக்குப் பணம் அனுப்பிய சீட்டுகள், கப்பல் டிக்கெட்டுகள், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் இருந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு நீங்கியது. ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. 2010இல் நாம் சின்னக் கடைக்கு மாறியபோது பெட்டி வைக்க இடமில்லை. பழைய சாமான் வாங்குகிறவரைக் கூப்பிட்டு, பெட்டியைத் தனியாகவும் காகிதத்தை எடைக்கும் போட்டோம். காகிதத்துக்கு 18 ரிங்கிட் கிடைத்தது. இடம் காலியாயிற்று என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டோம். குற்றம் யாருடையதும் அல்ல, நம்முடையது.

இதனால் வரும் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். நாளைக்கு ஒருவர் பினாங்கின் சரித்திரத்தைப் பொருட்காட்சியாக வைக்கிறார் என்று கொள்வோம். நம் சமூகத்தைக் காட்ட அவருக்கு ஆசைதான். ஆனால் கையில் கிடைப்பது என்ன? நாசி கண்டார் தட்டும் தே தாரிக் குவளையும்தான். அவை நம்முடையவையே, அவற்றில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நெற்றி வேர்வை சிந்திய தொழில் அது. ஆயினும் அதுவே நாம் முழுவதும் என்றாகிவிட்டால், 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் எங்கே? துணியும் பாக்கும் மிளகும் ஏற்றி வந்த மரைக்காயர் கப்பல்கள் எங்கே? கப்பல் பயணம் நின்றுபோன 1970கள் வரை, லெபோ ஆச்சே தெருவில் வந்து தங்கிய ஹஜ்ஜுப் பிரயாணிகளுக்குச் சாமான் கட்டிக் கொடுத்த கடைகள் எங்கே? லண்டனில் கண்ணாடிக்குள் வைத்த ஹஜ்ஜுச் சாமான்களைப் போன்றவை நம் மாடியறைகளில் தூசி படிந்து கிடந்தவையன்றோ?

கோலாலம்பூர்க் காட்சிசாலையின் இந்தியப் பகுதியிலும், நாம் போன அன்று நம் கண்ணில் பட்டவை பெரும்பாலும் மொகலாயர் காலத்துப் பொருள்களே. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் நினைவுக்கு வருமாறு ஒன்றும் தென்படவில்லை. அவர்களைக் குறை கூறி என்ன பயன்? நாம் எடைக்குப் போட்டதை அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்?

காப்பாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாகிபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். அந்த இதழ்கள் பேணி வைக்கப்பட்டன. அதனால்தான் அக்காலத்திலேயே நம்மவர் கடை வைத்தது மட்டுமின்றிப் பத்திரிகையும் நடத்தினர் என்று இன்று எவரும் மறுக்க முடியாமல் சொல்ல முடிகிறது. அதே சிங்கப்பூரில், 1828 முதல் 1830 வரை தெலுக் ஆயர் தெருவில் கட்டப்பட்ட நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. சாலையில் போகும் சீனரும் மலாய்க்காரரும் வெளியூர்ப் பிரயாணியும் உள்ளே வந்து பார்க்கின்றனர்.

நாம் செய்யத் தக்கவை

பெரிய காட்சிசாலை கட்டுவது நம் சக்திக்கு மேற்பட்டதாக இருக்கலாம். நம்மால் ஆனவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, எறியாதிருப்போம். பேரேடு, சிட்டை, பெயர்ப்பலகை, தராசு, கல்யாணப் பத்திரிகை, பழைய போட்டோ எதுவானாலும் எறியுமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்வோம். கரையானுக்கும் மழை நீருக்கும் எட்டாத ஓர் அலமாரியைச் சங்கம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவது, பொருளோடு பேச்சையும் சேர்த்து வைப்போம். இது யாருடைய தராசு, எந்தத் தெருவில் இருந்தது, யார் பிடித்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி ஒட்டிவிட வேண்டும். கதையில்லாத தராசு பழைய இரும்பு.

மூன்றாவது, குறையையும் மறைக்காதிருப்போம். நம் பேரேட்டில் லாபக் கணக்கோடு கடைப் பையன்களின் சம்பளக் கணக்கும் இருக்கும். பன்னிரண்டு வயதில் ஊரிலிருந்து வந்து, கடை மூடும்வரை நின்று, கடைக்குள்ளேயே படுத்து, பல ஆண்டு தாய்முகம் காணாத பிள்ளைகள் நம் கடைகளில் இருந்தார்கள். அதையும் காட்ட வேண்டும். நல்லதை மட்டும் அடுக்கினால் அது விளம்பரம். விளம்பரத்தை எவரும் நம்புவதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

நான்காவது, அழைப்போம், போவோம். மீலாது சமயத்திலோ நோன்புப் பெருநாளுக்குப் பின்னரோ ஒருநாள் சங்கக் கட்டடத்தின் கூடத்தில் நாலு மேஜை போட்டு, பக்கத்துக் கடைச் சீனரையும் மலாய்க்காரரையும் இந்துச் சகோதரரையும் பிள்ளை குட்டிகளோடு அழைக்கலாம். எந்தப் பொருள் யாருடையதோ அவரே பக்கத்தில் நின்று விளக்கட்டும். அவர்கள் அழைத்தால் நாமும் நம் பிள்ளைகளோடு போக வேண்டும். வாங்கல் இல்லாத விற்பனை வியாபாரமாகாது.

முடிவுரை

ஒரு பொருட்காட்சியால் உலகப் பகை ஓய்ந்து விடும் என்று நாம் சொல்லவில்லை. மியூனிக்கில் கம்பளம் செய்யாததை நம் கூடத்தில் தராசு செய்து விடுமா என்று கேட்டால், செய்யாது என்றே சொல்வோம். ஆனால் நம் தெருவில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. தவுக்கேயின் பேரன் இப்போது நம் கடைக்கு வந்தால், காகிதமும் பேனாவும் கொடுத்துத் தன் பெயரை அரபு எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்கிறான். நம் மகன் தன் பெயரைச் சீன எழுத்தில் அவனிடம் எழுதி வாங்கிக் கொள்கிறான். இரண்டு காகிதங்களையும் பெட்டியடிக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறோம். இவற்றை எடைக்குப் போடுவதாக இல்லை.

ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கே பலவாகப் படைக்கப்பட்டோம் என்ற போதனையை வாயால் ஓதுவதோடு நில்லாமல், கண்ணால் காணவும் கையால் காட்டவும் வல்ல அல்லாஹ் நமக்குக் கிருபை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.